அகல உழுவதா, ஆழ உழுவதா?

(அமெரிக்கப் பள்ளிகளில் உலக மொழிப் பாடம் குறித்துத் தமிழ்ப் பெற்றோர், ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அமெரிக்காவில் பிள்ளை ஆறாம் வகுப்பை முடிக்கும் காலத்தில் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒரு படிவம் வரும். அடுத்த ஆண்டு எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது என்று குறித்துத் தரச் சொல்லும் படிவம் அது. பேண்டு இசை, ஓவியம், கணினி என்ற வரிசையில் ஸ்பானிஷ், பிரெஞ்சு என்றும், சில ஊர்களில் சீனம், ஜெர்மன், லத்தீன் என்றும் கட்டங்கள் போட்டிருக்கும். முன்பு இந்தப் பாடத்துக்கு அயல்மொழி என்று பெயர். இப்போது பல மாநிலங்களில் உலக மொழி என்கிறார்கள். பெயர் மாறினாலும் அந்தக் கட்டங்களைப் பார்த்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் மாறவில்லை. எது எளிது? எது நாளைக்கு வேலைக்கு உதவும்? கல்லூரிக்கு இரண்டு வருடம் போதுமாமே, ஒன்பதாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாமா? இவை தவறான கேள்விகள் அல்ல, ஆனால் இடம் மாறி முன்னுக்கு வந்துவிட்ட கேள்விகள். ஒரு மொழியை எத்தனை மணி நேரம், எவ்வளவு இடைவெளி விடாமல், எந்தப் படி வரைக்கும் படிக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்தால், எந்த மொழி என்ற கேள்விக்குப் பாதி விடை தானே கிடைத்துவிடும். அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் உழவர்கள் சொல்லிவைத்தது இந்தப் படிவத்துக்கும் பொருந்தும். அதைச் சான்றுகளோடு நிறுவுவதே என் உரையின் நோக்கம்.

ஆழம் என்று சொன்னால் அதை அளக்க ஒரு கோல் வேண்டும். ஆக்ட்ஃபுல் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்க அயல்மொழி ஆசிரியர் அமைப்பு 1986 முதல் அப்படி ஓர் அளவுகோலை வெளியிட்டுத் திருத்தி வருகிறது. தொடக்க நிலையில் இருப்பவர் மனப்பாடம் செய்த சொற்களையும் தொடர்களையும் சொல்வார். பெயர், வயது, நிறம், கிழமை, உணவு என்பவற்றோடு அவர் பேச்சு நின்றுவிடும். இடைநிலைக்கு வந்தவர் தானே வாக்கியம் அமைப்பார், கேள்வி கேட்பார், அன்றாடத் தேவையைச் சமாளிப்பார். மேல்நிலையில் இருப்பவர் நடந்ததை, நடப்பதை, நடக்கப்போவதை ஒரு பத்தி அளவுக்குக் கோவையாக விவரிப்பார். அதற்கும் மேலே வாதாடவும் ஊகிக்கவும் வல்லவர்கள். இந்தப் படிகளை அவர்கள் ஏணியாக வரையாமல், அடியில் குறுகி மேலே போகப்போக விரியும் புனலைப் போல வரைகிறார்கள். அந்தப் படத்தில்தான் விஷயம் இருக்கிறது. அடிப்பகுதியை நிரப்பச் சிறிது நீர் போதும். ஒவ்வோர் அங்குலம் ஏறும்போதும் முந்தையதைவிட அதிக நீர் தேவைப்படும். முதல் ஆண்டில் பிள்ளை மளமளவென்று கற்பதைப் பார்த்து மகிழ்கிறோம். மூன்றாம் ஆண்டில் தேங்கி நிற்பதைப் பார்த்து, இவனுக்கு மொழி வராது என்று முடிவு கட்டுகிறோம். தேங்கியது பிள்ளை இல்லை. புனல் விரிந்திருக்கிறது, நாம் ஊற்றும் நீரோ அதே அளவில் இருக்கிறது.

எவ்வளவு நீர் வேண்டும்? அமெரிக்கப் பள்ளிகள் ஓராண்டுப் பாடத்தைக் கார்னெகி அலகு என்ற கணக்கால் அளந்து பழகியவை. ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 120 மணி வகுப்பு என்பது அதன் அடிப்படை. அப்படியானால் இரண்டு ஆண்டு மொழிப்பாடம் 240 மணி. நான்கு ஆண்டு 480 மணி. இதை இன்னொரு கணக்கோடு ஒப்பிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் அலுவல் நடத்தும் அளவுக்கு ஸ்பானிஷ் அல்லது பிரெஞ்சு கற்க 600 முதல் 750 வகுப்பு மணி ஆகும் என்பது அதன் நெடுநாள் அனுபவம். தமிழ், இந்தி, ரஷ்யன் போன்றவற்றுக்கு 1,100 மணி. சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகியவற்றுக்கு 2,200 மணி. அங்கே படிப்பவர்கள் வளர்ந்தவர்கள், சிறு குழுக்களில் நாள் முழுவதும் அதே வேலையாக இருப்பவர்கள், எட்ட வேண்டிய நிலையும் பள்ளி எதிர்பார்ப்பதைவிட உயர்ந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. பள்ளிக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 240 என்பது எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்ட அவை போதும். முப்பது பேர் உள்ள வகுப்பில், நாளுக்கு ஐம்பது நிமிடம், இரண்டு வருடம் என்பது மொழியைக் கற்பிக்கும் ஏற்பாடாக இல்லை. மொழி என்றால் என்ன என்று எட்டிப் பார்க்க வைக்கும் ஏற்பாடாகவே இருக்கிறது.

இந்த இரண்டு ஆண்டு வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார். போர் வெறுப்பு கிளம்பியது. 1922 வாக்கில் அந்தப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டமே போட்டது: எட்டாம் வகுப்பைத் தேறாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு வாழும் மொழியைக் கற்பிப்பது குற்றம். பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் 1923இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டம் போனாலும் மொழிப்பாடம் என்பது உயர்நிலைப் பள்ளியில் போய்த் தொடங்குவது என்ற பழக்கம் நாட்டில் நிலைத்துவிட்டது. பிறகு 1929இல் கோல்மன் அறிக்கை வந்தது. பெரும்பாலான மாணவர்கள் இரண்டு ஆண்டுதான் படிக்கிறார்கள், அந்தக் காலத்துக்குள் பேசக் கற்பிக்க முடியாது, ஆகவே வாசிப்பை மட்டும் இலக்காகக் கொள்ளலாம் என்பது அதன் முடிவு. காலம் போதவில்லை என்று தெரிந்தபோது காலத்தை நீட்டாமல் குறிக்கோளைச் சுருக்கினார்கள். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும் பயம் வந்தது. 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மொழிகளுக்குப் பணத்தைக் கொட்டியது. பயம் தணிந்ததும் பணமும் தணிந்தது. 2017இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, மழலை வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உலக மொழி படித்த மாணவர்கள் ஒரு கோடியே ஆறு லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஸ்பானிஷ். நூறு வருடமாகச் சுருங்கிய குறிக்கோளோடு நடந்து வந்த பாதையின் முடிவு இது.

இரண்டு ஆண்டுப் படிப்பு குறைவு என்பதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: அது தங்குவதில்லை. ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுவது. பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிஷ் படித்த 733 பேரைச் சோதித்தார். சிலர் அப்போதுதான் படித்து முடித்தவர்கள். சிலர் படித்து ஐம்பது ஆண்டு ஆனவர்கள். படிப்பை நிறுத்திய முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் மறதி வேகமாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு எஞ்சி நிற்பது அடுத்த இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. எவ்வளவு எஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது எவ்வளவு ஆழமாகப் படித்தார்கள் என்பதே. மேல் வகுப்பு வரை போனவர்களிடம் பயன்படுத்தாமலே இருந்தும் பெரும்பகுதி மிஞ்சியிருந்தது. ஓராண்டோடு நிறுத்தியவர்களிடம் மிஞ்சியது மிகக் குறைவு. பெற்றோர்கள் இதைப் பயிர்க் கணக்காகப் பார்க்கலாம். வேர் ஒரு குறிப்பிட்ட ஆழம் போகும் வரை செய்த செலவெல்லாம் முதல் கோடையிலேயே காய்ந்துபோகும். அந்த ஆழத்தைத் தாண்டிய பிறகு செய்த சிறு செலவு அதுவரை செய்த அத்தனையையும் காப்பாற்றித் தரும். ஆகவே மூன்றாம், நான்காம் ஆண்டுகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடும் அலங்காரம் ஆகா. முதல் இரண்டு ஆண்டுகளுக்கான காப்பீடு என்று அவற்றைச் சொல்லலாம்.

இங்கே நம்மவர் எழுப்பும் முதல் மறுப்பு ஒரு பழமொழியாகவே வரும்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? பன்னிரண்டு வயதில் தொடங்கினால் காலம் கடந்துவிட்டதே, மழலையிலேயே தொடங்கியிருக்க வேண்டாமா? நாளெல்லாம் அந்த மொழியே காதில் விழும் சூழலில் வளரும் குழந்தைக்கு இது உண்மை. உச்சரிப்பு முதலிய சிலவற்றில் இளமைக்குக் கடைசிவரை மேன்மை உண்டு. பள்ளிக்கூடத்தில் வாரத்துக்குச் சில மணி என்று வரும்போது கதை வேறு. இங்கிலாந்தில் 1964 முதல் பத்து ஆண்டுகள், எட்டு வயதிலேயே பிரெஞ்சு தொடங்கும் திட்டம் ஒன்றை ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் நடத்திப் பார்த்தார்கள். 1974இல் கிளேர் பர்ஸ்டல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பதினாறு வயதில் பார்த்தபோது, பதினொன்றில் தொடங்கியவர்களைவிட எட்டில் தொடங்கியவர்கள் கேட்டுப் புரிவதில் மட்டுமே முந்தி இருந்தார்கள். பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் எட்டு, பதினொன்று, பதினான்கு வயதுகளில் ஆங்கிலம் தொடங்கிய மாணவர்களை ஒரே அளவு வகுப்பு மணிக்குப் பிறகு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான சோதனைகளில் பெரிய பிள்ளைகளே முன்னே நின்றார்கள். ஹாலந்தில் குடியேறிய ஆங்கிலக் குடும்பங்களை ஆராய்ந்து 1978இல் வெளிவந்த ஆய்விலும் முதல் சில மாதங்களில் மிக வேகமாக டச்சு கற்றவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதினர். வளரிளம் பருவம் தாமதமான தொடக்கம் என்று வருந்த வேண்டியதில்லை. விதியைச் சொன்னால் புரிந்துகொள்ளும், ஒப்பிடும், தானே தவறைத் திருத்தும் வயது அது. ஏழாம் வகுப்பு நல்ல தொடக்கம். அதை அறிமுகப் பாடமாக வீணடிப்பதுதான் இழப்பு.

இன்னொரு பழமொழி இந்த வீணடிப்புக்குத் துணை போகிறது: சிறு துளி பெருவெள்ளம். பணத்துக்கு அது சரி; மொழி வகுப்புக்கு அவ்வளவு சரியில்லை. துளிக்கும் துளிக்கும் இடையே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை ஆண்டு முழுவதும் சொட்டுச் சொட்டாகத் தராமல், சில மாதங்களுக்குப் பள்ளி நாளின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கிப் பார்த்தார்கள். அதே மொத்த மணிகளை நெருக்கிக் கொடுத்த வகுப்புகள், பத்து மாதம் பரப்பிக் கொடுத்த வகுப்புகளைவிட நல்ல பலன் தந்தன. இதை அமெரிக்க நடுநிலைப் பள்ளிக் கால அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். பல பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் ஒரு சுழற்சி முறை இருக்கிறது: சில வாரம் ஸ்பானிஷ், சில வாரம் பிரெஞ்சு, சில வாரம் சீனம். ஒரு மொழியின் ஓசை பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு முறை இது உதவும். இரண்டு, மூன்று ஆண்டு இதுவே நடந்தால் அது நுனிப்புல் மேய்ச்சல். வேறு பள்ளிகளில் ஏழிலும் எட்டிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் மொழி வகுப்பு. இரண்டு ஆண்டும் சேர்ந்து உயர்நிலைப் பள்ளியின் முதல் நிலைக்குச் சமம் என்பார்கள். அதுவாவது சமமாக எடுத்துக்கொள்ளப்பட்டால் நல்லது. நடுநிலைப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் பேசிவைத்துக்கொள்ளாத இடங்களில், எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளை ஒன்பதில் மறுபடி நிறங்களையும் கிழமைகளையும் தொடக்கத்திலிருந்து படிக்கிறான்.

ஆகவே திட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் தொடங்கி, ஆறாம் வகுப்பை நோக்கிப் பின்னால் வரைந்து வர வேண்டும். முடிவில் பிள்ளை அந்த மொழியில் ஒரு செய்திக் கட்டுரையை வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலை மொழித் தேர்வு எதிர்பார்க்கும் நிலை. அதற்கு முன் பள்ளிப் பாடத்தின் நான்கு நிலைகள் முடிந்திருக்க வேண்டும். ஏழிலும் எட்டிலும் முதல் நிலை முடிந்தால், ஒன்பதில் இரண்டு, பத்தில் மூன்று, பதினொன்றில் நான்கு, பன்னிரண்டில் ஏ.பி. என்று வரும். நடுநிலைப் பள்ளி தினசரி வகுப்பு நடத்தி முதல் இரண்டு நிலைகளையும் முடித்துவிட்டால் ஒரு வருடம் மிச்சம். இந்தக் கோட்டில் ஓட்டை எங்கே விழும் என்று ஆறாம் வகுப்பிலேயே கேட்க வேண்டும். இந்த நடுநிலைப் பள்ளி வகுப்பு உயர்நிலைப் பள்ளியின் எந்த நிலைக்குச் சமம், அதை யார் எழுத்தில் உறுதி சொல்வார்? நான்காம் நிலை வகுப்பு ஆண்டுதோறும் நடக்கிறதா, ஆள் சேர்ந்தால்தான் நடக்குமா? சில பள்ளிகளில் ஓராண்டுப் பாடத்தை அரையாண்டில் நெருக்கி முடிக்கும் அட்டவணை உண்டு. ஒன்பதின் முதல் பாதியில் இரண்டாம் நிலையை முடித்த மாணவன் பத்தின் இரண்டாம் பாதியில்தான் மூன்றாம் நிலைக்குள் நுழைந்தால் நடுவே ஒரு வருடம் மொழியே காதில் விழாது. நெருக்கிக் கொடுத்ததன் லாபத்தை அந்த ஒரு வருடம் தின்றுவிடும். வகுப்பின் தரத்தைப் பெற்றோர் மாற்ற முடியாமல் போகலாம்; வரிசையில் விழும் ஓட்டையை முன்கூட்டியே கேட்டு அடைக்க முடியும்.

இப்போது எந்த மொழி என்ற கேள்விக்கு வரலாம். உங்கள் பள்ளி வட்டாரத்தில் எந்த மொழிக்கு அடிப்படி முதல் மேல் படி வரை அறுபடாத ஏணி இருக்கிறதோ, அந்த மொழிக்கு முதல் உரிமை கொடுங்கள் என்பது என் விடை. இரண்டாம் நிலையோடு நின்றுபோகும் சீனத்தைவிட ஏ.பி. வரை போகும் பிரெஞ்சு பிள்ளைக்கு அதிகம் தரும். சீனத்திலோ ஜப்பானியத்திலோ உண்மையான ஆசை இருந்தால் முன்பே சொன்ன 2,200 மணியை நினைவில் வைத்து இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும், கோடைக் காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முடிவிலிருந்து பின்னோக்கி வரைந்த ஒரு திட்டத்துக்கு யூட்டா மாநிலம் எடுத்துக்காட்டு. 2008இல் அங்கே சட்டம் இயற்றி, பள்ளி நாளில் பாதியை ஆங்கிலத்திலும் பாதியைச் சீனம், ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழியிலும் நடத்தும் தொடக்கப் பள்ளிகளைப் பரப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு வாக்கில் ஏ.பி. எழுதலாம், அதன்பின் பள்ளியில் இருந்துகொண்டே பல்கலைக்கழக நிலைப் பாடங்களைப் படிக்கலாம். இப்படி மொழிக்கு நேரம் கொடுத்தால் ஆங்கிலம் கெடாதா என்ற அச்சத்துக்கு ஆரிகனின் போர்ட்லாந்து நகரப் பள்ளிகள் பதில் தருகின்றன. அங்கே இருமொழி வகுப்புக்குக் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ராண்டு நிறுவன ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இடம் கிடைத்தவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் ஏழு மாதப் படிப்பு அளவுக்கும், எட்டாம் வகுப்பில் ஒன்பது மாத அளவுக்கும் முன்னே இருந்தார்கள்.

பிள்ளையின் விருப்பத்துக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். பதினொரு வயதில் எடுத்த முடிவுக்கு ஆறு ஆண்டு கட்டிப்போடுவது கொடுமை அல்லவா? நியாயமான கேள்வி. ஆர்வமில்லாத பிள்ளைக்கு மணிக்கணக்கு மட்டும் மொழியைத் தராது. ஆகவே மாறும் உரிமை வேண்டும், அதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் வரை மாற்றத்தின் விலை குறைவு. ஒன்பதில் புதிதாகத் தொடங்கினாலும் நான்கு நிலைகள் முடிக்கக் காலம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்து மாறுபவன் இரண்டு மொழிகளில் தொடக்க நிலையோடு பள்ளியை விட்டு வெளியேறுவான். பாரிக் காட்டிய மறதி அவன் இரண்டையும் எடுத்துக்கொள்ளும். பல வீடுகளில் ஆர்வக் குறைவு என்று நாம் பெயர் வைப்பது, புனல் விரியும் இடத்தில் வரும் அலுப்புதான். அந்த இடத்தில் மொழியை மாற்றினால் மறுபடி முதல் ஆண்டின் வேகம் கிடைக்கும், மகிழ்ச்சியும் கிடைக்கும். ஆனால் இரண்டு ஆண்டில் பிள்ளை அதே இடத்தில் வந்து நிற்கும்.

பாடச் சுமை என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. பதினொன்றில் வேதியியல், இயற்பியல், கால்குலஸ் என்று அடுக்கி வைத்திருக்கும்போது மொழிக்கு எங்கே இடம், கல்லூரிகள்தான் இரண்டு ஆண்டு போதும் என்கின்றனவே என்பார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் விதியைப் பார்ப்போம். இரண்டு ஆண்டு கட்டாயம், மூன்று ஆண்டு பரிந்துரை. ஏழு, எட்டாம் வகுப்புகளில் உரிய தரத்தில் படித்த மொழிப்பாடமும் கணக்கில் சேரும். எந்த நிலை வரை முடித்தான் என்பதே கணக்கு. இந்த விதிகள் சுமையைக் கூட்டச் சொல்லவில்லை. சுமையை முன்னே தள்ளி வைக்க வழி திறந்து வைத்திருக்கின்றன. நடுநிலைப் பள்ளியின் ஓய்வான இரண்டு ஆண்டுகளில் தொடங்கியவன் மூச்சுமுட்டும் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது மேல் படிகளில் இருப்பான்; ஒன்பதில் தொடங்கியவன் அதே ஆண்டில் மூன்றாம் நிலையின் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். நுழைவுக்கான குறைந்தபட்ச விதி வாசற்படியின் உயரத்தைச் சொல்கிறது. வீட்டை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதை அதை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை.

கைபேசி மொழிபெயர்த்துத் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது இன்றைய மறுப்பு. இதற்கு நான் பாதி உடன்படுகிறேன். வழி கேட்க, சாப்பாடு சொல்ல, அறிவிப்புப் பலகையைப் புரிந்துகொள்ள இன்று கருவி போதும். அவை எல்லாம் தொடக்க நிலைக்காரர் செய்யும் வேலைகள். கருவி பயனற்றதாக்கியிருப்பது இரண்டு ஆண்டுப் படிப்பைத்தான். எதிரே இருப்பவர் சொல்லாமல் விட்டதைக் கேட்பது, கேலியா கண்டிப்பா என்று குரலில் அறிவது, கருவி தந்த வாக்கியம் அந்தச் சபைக்குப் பொருந்துமா என்று எடை போடுவது ஆகியவை மேல்நிலைக்குச் சென்றவரின் வேலைகள். மொழிபெயர்ப்புக் கருவி பெருகப்பெருக அரைகுறைப் படிப்பின் மதிப்பு குறையும், ஆழ்ந்த படிப்பின் மதிப்பு கூடும். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை; அதற்கு முட்டுக் கொடுக்கிறது.

கடைசி மறுப்பு, எல்லாப் பள்ளிகளுக்கும் இது எட்டுமா என்பது. எட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு ஊர்களில் மொழி ஆசிரியர் கிடைப்பதில்லை. நான்காம் நிலையில் பத்து மாணவர் சேராவிட்டால் வகுப்பே இல்லை. 2016க்கும் 2021க்கும் இடையில் கல்லூரிகளில் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் சேர்ந்தவர் எண்ணிக்கை 16.6 சதவீதம் குறைந்ததாக நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. கல்லூரியில் படிப்போர் குறைந்தால் நாளைய பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்? அதனால்தான் இதைத் தனிக் குடும்பத்தின் சாமர்த்தியமாக மட்டும் விட்டுவிடக்கூடாது. மாவட்டப் பள்ளி வாரியக் கூட்டங்களில் பெற்றோர் கேட்க வேண்டியது இன்னும் ஒரு புதிய மொழியை அன்று. இருக்கும் இரண்டு மொழிகளையாவது ஆறு ஆண்டு அறுபடாமல் நடத்துங்கள், நடுநிலைப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் ஒரே பாடத்திட்டத்தில் கோர்த்துவிடுங்கள், மேல் வகுப்பு இல்லாத இடத்தில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியின் வகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பதே பயன் தரும். ஆறு மொழிகளின் பெயரைப் பள்ளிக் கையேட்டில் அச்சிடுவது அகல உழவு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இதுவரை சொன்ன கணக்கில் நம்மில் பலர் சேர்க்க மறந்த மொழி ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசுபவர் தமிழ் கற்க 1,100 மணி என்று பார்த்தோம். நம் வீட்டுப் பிள்ளை அந்த மணிகளில் பெரும்பகுதியைத் தொட்டிலிலும் சமையலறையிலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கே போகிறது. அதற்குக் குறைவது எழுத்தும் எழுத்து வழக்கும். வா என்றால் புரியும். வருகை புரிந்தார் என்றால் புரியாது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் உள்ள மொழியில் வாரத்துக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு முப்பது வாரம் என்று நடக்கும் தமிழ்ப் பள்ளி 60 மணிதான் தரும், பள்ளிப் பாடக் கணக்கில் பாதி. அதனால்தான் ஆண்டுகளின் எண்ணிக்கை இங்கே இன்னும் முக்கியம். ஏ.பி. தேர்வு தமிழுக்கு இல்லை. ஆனால் கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கி, பிறகு நாடெங்கும் பரவிய இருமொழித் திறன் முத்திரை வீட்டு மொழிகளுக்கும் உரியது; தமிழில் தேறி அதைப் பெற்ற மாணவர்கள் இருக்கிறார்கள். சில பள்ளி வட்டாரங்கள் தமிழ்ப் பள்ளிப் படிப்பையோ திறன் தேர்வையோ உலக மொழிக் கணக்கில் ஏற்கின்றன. உங்கள் வட்டாரம் ஏற்கிறதா என்று ஆறாம் வகுப்பிலேயே ஆலோசகரிடம் கேளுங்கள். ஏற்றால், தமிழை ஆழ உழுத நிலமாகவே பதிவு செய்யலாம். ஸ்பானிஷ் கூடுதல் வயலாக இருக்கட்டும்.

நம் பிள்ளைகளில் மிகப் பலர் தமிழ்ப் பள்ளியை விடுவது எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில். பாடம் கூடிவிட்டது, அவனுக்குத்தான் பேச வருமே என்று காரணம் சொல்கிறோம். இதுவரை பார்த்த சான்றுகளை வைத்து அந்த வயதை எண்ணிப் பாருங்கள். விதியை விளங்கிக்கொள்ளும் வயது அது. புனல் விரியும் இடம் அது. இன்னும் மூன்று ஆண்டு சேர்ந்தால் ஐம்பதாவது வயதிலும் எஞ்சி நிற்கும் ஆழத்தை வேர் தொடப்போகும் நேரம் அது. ஸ்பானிஷோ தமிழோ, பல வருட உழைப்பைச் சேர்த்துவைத்து, அது தங்கத் தொடங்கும் வாசலில் நிறுத்திவிடுகிறோம். அடுத்த முறை அந்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது கட்டத்தில் குறியிடுவதற்கு முன் அதன் பின்பக்கத்தில் ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரே மொழியின் பெயரை எழுத முடிகிறதா என்று பாருங்கள். எந்தக் கோடு காலியாக நிற்கிறதோ, பள்ளியில் போய்ப் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.